எர்த் கம்பி இறங்கும் இடம்

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அப்படியிருந்தும் பல வருடமாகப் பத்மாசனியின் வெல்டிங் எஞ்சினை என் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் இழுவைப் பெட்டியில் ஏற்றித் திரிகிறேன் என்றால், அது என் பொறுமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெண்ணோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது, அவ்வளவுதான்.

உருத்திரபுரத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவளுடையது. கரண்ட் இல்லாத இடத்தில் இரும்பு முறிந்தால் ஆட்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். டீசலில் ஓடும் எஞ்சின். தனக்கு வேண்டிய கரண்டைத் தானே எடுத்துக்கொள்ளும். வயலுக்கும் போகும், நாயாற்றுக் கடற்கரைக்கும் போகும்.

போன ஆனி மாதம், சிறுபோக நெல் கதிர் தள்ள முன், குடலைப் பருவத்தில் நிற்கும்போது, கண்டாவளைப் பக்கத்துக் குளமொன்றில் தண்ணீர் திறந்துவிடும் துருசின் கதவைத் தூக்கி இறக்கும் தண்டு முறிந்துவிட்டது. கதவு திறந்தபடியே நின்றுவிட்டது. தண்ணீர் வாய்க்காலை மேவிக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊர்க் கமக்காரர் அமைப்பின் தலைவர் கனகலிங்கம் விடிய முன்னமே மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

“இண்டைக்குக் கதவு இறங்காட்டி குளம் தரை காட்டும், தங்கச்சி. பயிரெல்லாம் போயிடும்.”

“வாறன் ஐயா,” என்றாள். ஆனால் வருவதற்கும் அவளிடம் ஒரு ஒழுங்கு உண்டு. டீசல் குழாயை மூடினாள். பற்றரி வயரைக் கழற்றினாள். எஞ்சினைப் பெட்டியில் சில்லுகளுக்கு நேர் மேலே வைத்து, நாலு பக்கமும் சங்கிலி போட்டு இறுக்கி, உலுப்பிப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் லாண்ட்மாஸ்டர் போனால் வழியில் நிற்பவர்களெல்லாம் ஏறிக்கொள்வார்கள். ஏற்றாமல் போனால் அடுத்த கலியாணத்துக்குச் சொல்ல மாட்டார்கள். கனகலிங்கத்தோடு வந்த ஒருவரும் பெட்டியில் காலை வைத்தார்.

“இறங்குங்கோ அண்ணை. பள்ளத்தில விழுந்தா சங்கிலி எஞ்சினைத்தான் பிடிக்கும். உங்களை ஆர் பிடிக்கிறது?”

அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் ஓட்ட, அவள் ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். வழி நீள அவள் கண் அந்தச் சங்கிலியில்தான் இருந்தது. “மெல்ல, மாயாண்டி அண்ணை!” என்று அவள் கத்தியதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது.

குளத்தடியில் சமனான இடம் பார்த்து நிறுத்தச் சொன்னாள். சில்லுகளுக்குக் கல் வைத்தாள். புகைக்குழாய், துருசின் தண்டு நிற்கும் பள்ளமான கிடங்குக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி பெட்டியைத் திருப்ப வைத்தாள். அந்தப் புகை கிடங்குக்குள் தேங்கினால் உள்ளே நிற்பவர் சத்தமில்லாமல் சாய்ந்துவிடுவாராம். நின்று வேலை செய்யக் காய்ந்த பலகை கேட்டாள். அதுவரைக்கும் சனம் பொறுத்தது. பிறகு எர்த் கம்பியை எடுத்தாள்.

கரண்ட் எங்காவது கசிந்தால் ஆளுக்குள் இறங்காமல் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்று, எஞ்சினில் தொடுத்து நிலத்தில் அடிக்கும் கம்பி அது. கனகலிங்கம் அணைக்கட்டின் அடியில் பற்றை ஓரமாகக் கையைக் காட்டினார்.

“இதில அடியுங்கோ.”

“இதில ஆரும் கிண்டினவையோ?”

“கண்ணிவெடி எடுத்து முடிச்சு, போர்டும் கழட்டி எத்தினை வருசம்!”

“அது தெரியும் ஐயா. நான் கேட்டது, மண்வெட்டி போட்டவையோ எண்டு.”

கனகலிங்கம் காட்டிய கையை இறக்கினார்.

மீள்குடியேறிய வருடம் அவள் புருஷன் முற்றத்தில் மாடு கட்டக் கட்டை அடித்தான். சில அடிதான், மண்ணுக்குள் கிடந்த கண்ணிவெடி வெடித்து ஆள் போய்விட்டான். மகள் மேனுகாவுக்கு அப்போது ஆறு வயது. வாசல் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இது எங்கள் ஒழுங்கைக்கே தெரிந்த கதை. தெரிந்திருந்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. தண்ணீர் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்ததே.

“கம்பி இல்லாமல் இண்டைக்கு ஒருக்கா ஒட்டினால் என்ன, பிள்ளை?”

“ஈரத்தில நிக்கப்போறது நான், அண்ணை. கம்பி இல்லாமல் தொடமாட்டன். கிண்டாத இடத்தில அடிக்கவும் மாட்டன். உழுத மண் காட்டுங்கோ.”

கிட்ட இருந்தது அந்த ஊர் இலட்சுமி அக்காவின் வயல். அவ்வளவு தூரத்துக்கு வயர் எட்டுமா? எட்டியது. வீண் பாரம் என்று நான் தினமும் திட்டிய வயர்ச் சுருள்தான் எட்டியது.

“நெல்லு மிதிபட்டாப் படட்டும், அடி பிள்ளை,” என்றா இலட்சுமி அக்கா.

பத்மாசனி எல்லோரையும் தூர வரம்புக்கு அனுப்பிவிட்டுத் தனியே இறங்கினாள். அந்தச் சுத்தியலை அவள் யார் கையிலும் கொடுப்பதில்லை. முதல் அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கம்பி முழுவதும் இறங்கும்வரை ஒருவரும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

உடனே போனை எடுத்தாள். எங்கே போனாலும் கம்பி அடித்து முடித்ததும் ஒதுங்கிப் போய் ஏதோ கதைப்பாள். ‘அரட்டைக்கு இதுவா நேரம்’ என்று நான் முணுமுணுப்பேன். இங்கே சிக்னல் இல்லை. அணைக்கட்டில் ஏறிப் பார்த்தாள், அங்கும் இல்லை. போனைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு முகமூடியை இழுத்துக்கொண்டு பலகையில் ஏறினாள்.

ஒட்டி முடிந்ததும் ஒருவர் குளிரவைக்க வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

“ஊத்தாதேங்கோ! கீறு விழும். தானா ஆறட்டும்.”

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் நிற்பது எவ்வளவு பாடு என்று அன்றுதான் கண்டேன். ஆறியபின் அவளே கைப்பிடியைச் சுற்றினாள். தண்டு பிடித்தது. கதவு அங்குலம் அங்குலமாக இறங்கியது. தண்ணீரின் இரைச்சல் மெலிந்து நின்றது. கனகலிங்கம் அணைக்கட்டில் குந்தி, துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

இலட்சுமி அக்கா சோற்றுப் பார்சல் கொண்டுவந்தா. பத்மாசனி சாப்பிடவில்லை. “பிறகு, அக்கா,” என்று வாங்கி ஸ்கூட்டியில் கொழுவிக்கொண்டாள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி சங்கிலி போட்டுப் புறப்பட்டோம்.

பெரிய ரோட்டில் ஏறியதும் ஸ்கூட்டியில் முன்னால் வந்து கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள். பொழுது சாய்ந்திருந்தது.

“கம்பி இறங்கிட்டுது மகள். ஓம், ஓம், வயலுக்கதான். இஞ்ச கவரேஜ் இல்லாமல் போச்சு. அழாதை. இனிச் சாப்பிடு.”

நான் விளங்காமல் பார்த்தேன்.

“கம்பி அடிக்கப் போறன் எண்டா அவளுக்குச் சோறு இறங்காது, அண்ணை. சொன்னாப் பிறகுதான் சாப்பிடுவாள்.”

ரோட்டோரத்தில் நின்றபடியே அவளும் பார்சலைப் பிரித்தாள். கோபிக்க ஆளில்லை, என்னைத் தவிர.

இப்போதெல்லாம் எந்த வேலைக்குப் போனாலும், வழியில் கடைசியாக எந்த இடத்தில் சிக்னல் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். கம்பி இறங்கியதும், “ஓடிப்போய்ச் சொல்லிப்போட்டு வா பிள்ளை, நான் எஞ்சினைப் பாக்கிறன்,” என்பேன். சனம் கத்தட்டும்.