ஜட்ஜம்மா சொன்ன "ம்"

போன வருஷம் தை மாதம், பீளமேட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊற்றி, ஒரு மணி நேரம் மூடிக்கொண்டே உட்காரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் தறியை விட்டு வர முடியாததால், கருமத்தம்பட்டியிலிருந்து நான் மட்டும் பஸ்ஸில் வந்திருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். கோவையில் வக்கீல் படிப்பு முடித்து, மேலே படிக்க லண்டன் போயிருக்கிறாள். அங்கே ஒத்திகைக் கோர்ட் நடத்துவார்களாம். அதில் பேச வேண்டியதை முதல் நாள் எனக்குப் போனில் பேசிக் காட்டுவாள். எல்லாம் இங்கிலீஷ். நான் எட்டாவது வரைதான். "உனக்குப் புரிய வேண்டாம்மா. நீதான் ஜட்ஜம்மா. ம் மட்டும் சொல்லு, எனக்குத் தைரியமா இருக்கும்" என்பாள். போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் உரித்தபடியே ம், ம் என்று சொல்வேன். புரியாவிட்டால் என்ன, அவள் குரல் அடுப்படியில் நடமாடுகிறதே என்றிருக்கும். உண்மையைச் சொன்னால், சில நாள் செபமாலை உருட்டும்போது எனக்கு வாய் ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமும் இருக்கும். அந்த ம்மும் மெல்ல அப்படித்தான் ஆகிவிட்டது.

அன்று ஆஸ்பத்திரியில் அவள் போன் வந்தது. கண் மங்கலாக இருந்ததால் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்து எடுத்து என் முன்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அப்பாவைக் கூட்டி வந்திருந்த காலேஜ் பிள்ளை அது. வீடியோவில் வந்திருந்தாள் மகள். "சொல்லு கண்ணு, ஜட்ஜம்மா ரெடி" என்றேன். அவள் ஆரம்பித்தாள். வழக்கம்போல "மை லார்ட்" என்றுதான் ஆரம்பித்தாள். கொஞ்சம் மெதுவாகப் பேசுகிற மாதிரி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டே ம் கொட்டினேன்.

பக்கத்துப் பெண் என் முழங்கையைத் தொட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டு காதோரம் சொன்னது:

"ஏனுங்கம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவங்க கேஸ் எதும் பேசுலீங்க. ஒரு வாரமாக் காச்சலாமுங்க. ரூமை விட்டே போகலையாமுங்க. படிப்பை உட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்தர்லாமான்னு உங்களக் கேக்கறாங்க. நீங்க ம் சொல்றீங்க."

சட்டென்று கண்ணைத் திறந்தேன். முகத்தைப் பார்க்கலாம் என்றால் வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தது. "அம்மணி, என்ற புள்ள எப்படி இருக்கறா, சொல்லு சாமி" என்று அந்தப் பெண்ணையே கேட்டேன்.

"செவப்பு ஸ்வெட்டருங்க. மெலிஞ்சிருக்காங்க. தலை சீவலீங்க. உங்க மூக்குத்தானுங்க அவங்களுக்கும்."

பொத்திய கையை எடுக்கச் சொன்னேன். "கண்ணு, வழக்குப் புரிஞ்சுது. இப்பத் தமிழ்ல சொல்லு" என்றேன்.

"அம்மா" என்றாள். அப்புறம்தான் காரணம் சொன்னாள். தமிழில் சொன்னால் நான் பயந்துபோவேனாம், சொல்லாமலும் இருக்க முடியவில்லையாம். அதனால்தான் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாளாம்.

மகள் பெரிய வக்கீலாகத் திரும்பி வர வேண்டும் என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அன்று வாயில் வந்தது வேறு. "வரோணும்னா வந்துரு கண்ணு. ஊருக்காக நீ படிக்க வேண்டாம். மொதல்ல டாக்டரைப் பாரு. என்ன சாப்பிட்ட?" என்றேன். "பிரெட்டும்மா" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். நர்ஸ் வந்து, "ஏம்மா, ஊத்துன மருந்தெல்லாம் கன்னத்துல ஓடுது, அழுவாதீங்க" என்று சத்தம் போட்டுவிட்டு மறுபடி ஊற்றினாள். அதைக் கேட்டு லண்டனில் மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக மாதாவுக்கு அங்கேயே நன்றி சொன்னேன்.

என் முறை வந்து, உள்ளே போய்த் திரும்பியபோது அந்தப் பெண்ணும் அப்பாவும் கிளம்பிவிட்டிருந்தார்கள். தெளிவாக அதன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

வரலாம் என்று நான் சொன்ன பிறகும் மகள் வரவில்லை. காய்ச்சல் விட்டதும் வகுப்புக்குப் போய்விட்டாள். இன்னும் படிப்பு முடியவில்லை. அவளை நேரில் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது போன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அவள் பேசி முடித்ததும் "இதுல என்னைக் கேட்டது எதாவது இருக்குதா கண்ணு?" என்று கேட்காமல் வைப்பதில்லை.

தினமும் செபமாலையில் ஒரு மணியை மட்டும் மனசு எங்கும் ஓடாமல் நிறுத்தி உருட்டுகிறேன். பேர் தெரியாததால், "கண் ஆஸ்பத்திரியில் என் மகளை எனக்குப் பார்த்துச் சொன்ன பிள்ளைக்காக" என்றுதான் இன்றைக்கும் மாதாவிடம் சொல்கிறேன்.