நான் எடுத்த நெத்தலி வகுப்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான் வளர்த்து ஆளாக்கிய பிள்ளைகள் ஆறு பேர். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஆறு பேரும் பள்ளிக்கூடம் போனார்கள். நான் போகவில்லை. முகத்துவாரத்துக் கரையில் மீன் எடுத்து, தலையில் சுமந்து, கொட்டாஞ்சேனையில் வீடு வீடாக விற்றேன். முழங்கால் விட்டுப்போகும்வரை அதுதான் என் வேலை.

இப்போது நானும் படிக்கப் போகிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் சனசமூக நிலையத்தின் மேல்மாடியில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. சோதனை இல்லை, சான்றிதழ் இல்லை. எதையாவது தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் போதும். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் நடத்துகிறார். என்னைப்போல எழுத்துத் தெரியாத மூன்று பேருக்காக அவர் ஒரு மணித்தியாலம் முந்தியே வந்து எழுத்தும் சொல்லித் தந்தார். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்று பஸ்ஸின் பலகையை நானே வாசித்து ஏறுகிறேன். பெரிய எழுத்தாக, மெதுவாக, எழுதவும் செய்கிறேன்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் ஒவ்வொருவரும் தன் முறைக்கு ஒரு சனிக்கிழமை மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். தனக்குத் தெரிந்தது எதுவானாலும் சரி. புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் கிளார்க்காக இருந்தவர் காணி உறுதிப் பத்திரத்தை எப்படி வாசிப்பது என்று சொல்லித் தந்தார். பேக்கரி வைத்திருக்கும் தங்கச்சி, மா ஏன் பொங்குகிறது என்று ஒரு கோப்பையில் காட்டினாள். வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்து வரும் ஐயா ஒருவர், காணிப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர், கொழும்பின் பழைய படம் ஒன்றைச் சுவரில் விரித்தார். நான் கூடை சுமந்து நடந்த தெருக்களை மேலேயிருந்து அன்றுதான் பார்த்தேன். எவ்வளவு வளைவு! கால் நோகாமல் என்ன செய்யும்?

அடுத்தது என் முறை. அப்போது ஐயா டீச்சரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"அந்த அம்மாவைக் கஷ்டப்படுத்தாதேங்கோ டீச்சர். பாவம். அவவை விட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அங்கே எல்லாரும் ஆளுக்கு ஆள் கொடுத்து வாங்குகிறார்கள். என்னைத் தாண்டிப் போனால், நான் வாங்கிக்கொண்டு மட்டும் போகிறவள். நான் எழும்பி நின்றேன்.

"டீச்சர், என்ட முறைய விடப் போறீங்களா?"

"நீங்க விரும்பாட்டித்தான் அம்மா."

"விரும்புறன். மீன் பாடம் எடுக்கிறன்."

பேக்கரித் தங்கச்சி கை தட்டினாள். "ஐயா, அண்டைக்கு நீங்க ரெண்டு லேஞ்சி கொண்டு வாங்க, மூக்கைப் பொத்த!"

ஐயா சுத்த சைவம். அவரும் சிரித்தார்.

அந்தக் கிழமை முழுக்க என் பேத்தி, "அம்மம்மா, நான் படம் கீறித் தாறன், அதைக் காட்டிக் கதைங்க" என்று பின்னால் திரிந்தாள். வேண்டாம் என்றேன். சனிக்கிழமை விடியவே முகத்துவாரம் போய் ஒரு பாரை, இரண்டு கும்பளா, ஒரு பிடி நெத்தலி வாங்கினேன். தெரிந்த மீன்காரர், இவ்வளவு காலம் கழித்து எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். "இஸ்கோலேட்ட, மல்லி" என்றேன். பள்ளிக்கூடத்துக்கு, தம்பி என்றதும் அவர் தராசை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும்.

வகுப்பில் மீன்களைத் தட்டில் பரப்பினேன். முதலில் பாரையைக் கையில் எடுத்தேன். கண் எப்படி இருக்க வேண்டும், விரலால் அமத்தினால் பள்ளம் எப்படித் திரும்ப எழும்ப வேண்டும் என்று காட்டினேன். செவுளுக்குச் சிவப்புப் பூசி விற்கிறவர்களும் இருக்கிறார்கள், வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள் என்றேன்.

"எனக்கு வித்ததுக்கும் பூசினீங்களா அக்கா?" என்றாள் பேக்கரித் தங்கச்சி.

"உனக்கு ஏன் பூசோணும்? நீ எதைக் குடுத்தாலும் வாங்குவாய்."

சிரிப்பு அடங்கியதும் ஐயா கையை உயர்த்தினார்.

"இந்த நெத்தலி எண்டது பெரிய மீன்களின்ர குஞ்சுதானே அம்மா? வளர விடாமல் பிடிக்கிறது பிழையில்லையோ?"

பலர் தலையாட்டினார்கள்.

"இல்ல ஐயா. நெத்தலி வளந்தாலும் நெத்தலிதான்."

"எப்பிடித் தெரியும்?"

அது நக்கல் இல்லை. அந்த வகுப்பில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது. 'கடலுக்குப் போகிறவர்கள் சொன்னார்கள்' என்றால் அங்கே செல்லாது. எனக்குத் தெரியும், ஆனால் எப்படித் தெரியும்? அப்போது என் கை தானாகத் தட்டுக்குப் போனது. நெத்தலி துப்புரவாக்கக் கத்தி வேண்டாம், பெருவிரல் நகம் போதும். வயிறு புடைத்ததாக மூன்றைப் பொறுக்கினேன்.

முதலாவதைக் கீறினேன். குடல்தான் வந்தது. இரண்டாவதிலும் அதுதான்.

"பரவாயில்லை அம்மா, விடுங்கோ" என்றார் ஐயா.

அந்தப் பரவாயில்லைதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவதை எடுத்து மெதுவாகக் கீறினேன். இரண்டு நெல்மணி ஒட்டி வைத்ததுபோல மஞ்சளாகச் சினை. உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"சினை ஐயா. இது குஞ்சு எண்டா, குஞ்சின்ட வயித்துக்குள்ள முட்டை எப்பிடி வந்திச்சு? பால் குடிக்கிற பிள்ளை பிள்ளை பெறுமா?"

மண்டபமே சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, என் கைக்கு மேலே குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஓம் அம்மா. பிழை என்னிலதான். இவ்வளவு காலமும் பிழையாய் நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்."

சொன்னதோடு நிற்காமல் தன் கொப்பியில் எழுதினார். நான் சொன்னதைப் படித்த மனிதர் ஒருவர் குனிந்து எழுதியதை என் வாழ்நாளில் முதல்முறை பார்த்தேன். எழுதி முடித்து, இது முட்டையை எங்கே இடும் என்று கேட்டார்.

"தெரியாது ஐயா. கரைக்கு வந்த பிறகுதான் எனக்கு மீனைத் தெரியும்."

தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. எல்லாருமாகத் தேடிப் பார்ப்போம் என்றார் டீச்சர்.

பாடம் எடுத்தவர்கள் அதை எழுதி வைக்க வகுப்பில் ஒரு பெரிய கொப்பி இருக்கிறது. டீச்சர் அதை என் பக்கம் தள்ளினார். ஐயா பேனையைத் திறந்தார்.

"நீங்க சொல்லுங்கோ அம்மா, நான் எழுதித் தாறன்."

"வேணாம் ஐயா. உங்கட பாடத்தை நீங்க எழுதினீங்க. என்டத நான் எழுதுறன்."

மூன்று கிழமை எடுத்தது. மீன் பாடத்தோடு அது நடந்த கதையும் சேர்ந்துவிட்டது. நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பேத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள்.

இந்தா மகள், பிடி. முதல்ல இருந்து சத்தமா வாசி. பிழை இருந்தா நிப்பாட்டிச் சொல்லு, நீ திருத்தாத. பென்சில் என்ட கையிலதான் இருக்கு.