கிண்ணத்தில் இருபத்து மூன்று

பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான் என்பதைத் தெரிவிக்க, என் தம்பி மகளின் பள்ளிக்கூடம் பெற்றோரை வரவழைத்து ஒரு கூட்டம் போட்டது. அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி திருமுல்கேரியில், வாசலில் பிளாஸ்டிக் புல்லும் சுவரெல்லாம் கண் மூக்கு வைத்த எண்களுமாக இருக்கும். தம்பிக்கு அன்று வேலை இருந்ததால், அவன் மனைவியோடு நான் போனேன். பேகம்பேட்டில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்றபின் அல்வாலில் அவர்களோடுதான் இருக்கிறேன்.

வாய்ப்பாடு இனிமேல் கிடையாது என்றார் கணக்கு டீச்சர். மனப்பாடம் குழந்தையின் சிந்தனையைக் கெடுத்துவிடுமாம். நான்கு நான்காக ராஜ்மா விதைகளை வைத்து, கூட்டிக் கூட்டித்தான் குழந்தை விடைக்கு வர வேண்டும். இந்தப் பேச்சை அவர் ஒரு சொல் பிசகாமல், மூச்சு விடும் இடம்கூட மாறாமல், எங்களுக்கு முன் வந்த பெற்றோருக்கும் ஒப்பித்திருந்தார். வெளியே காத்திருந்தபோது அதைக் கேட்டிருந்தேன்.

கடைசியில்தான் காரியத்துக்கு வந்தார். வருஷ முடிவில் பெற்றோர் முன்னிலையில் ஒவ்வொரு குழந்தையும் இதைச் செய்து காட்டும். அதை வைத்து மூன்றாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ஒன்றின் பெயர் ஒலிம்பியாட் பிரிவு. இன்னொன்றின் பெயர் ஃபவுண்டேஷன் பிரிவு. பெற்றோர் அதற்கு வைத்திருந்த பெயர் மக்குப் பிரிவு. அதில் விழுந்த பிள்ளை மேலே ஏறி வந்ததாக அந்தப் பள்ளியில் யாருக்கும் ஞாபகம் இல்லை. தம்பி மனைவியின் முகம் அப்போதே மாறியது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. செய்து காட்டும் நாளுக்கு முன், எந்தெந்தக் கணக்கு வரும் என்பதை டீச்சரே அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார், குழந்தைகள் பயப்படக் கூடாது என்பதற்காக. மொத்தமே ஐந்து அட்டைகள். யாருக்கு எது என்பதும் அதிலேயே இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஆறு பெருக்கல் நான்கு.

தம்பி மனைவி சப்பாத்தி இட்டுக்கொண்டே கேட்பாள்.

"ஆறு நாலு?"

"ட்வென்டி ஃபோர்."

"எப்படி வந்துச்சு?"

"ஃபோர், எய்ட், ட்வெல்வ், சிக்ஸ்டீன், ட்வென்டி, ட்வென்டி ஃபோர்."

"இன்னும் வேகமா."

ஒரு வாய்ப்பாட்டை ஒழித்த இடத்தில் இன்னொரு வாய்ப்பாடு வந்து உட்கார்ந்திருந்தது. முன்னதில் விடை மட்டும் மனப்பாடம். இதில் யோசிப்பதும் மனப்பாடம்.

"விதை வெச்சு ஒரு தடவை பண்ணச் சொல்லேன்" என்றேன்.

"அதுக்கெல்லாம் டைம் இல்லக்கா. விதையா முக்கியம்? ஆன்சர் வந்தாப் போதும்."

தம்பி சோபாவிலிருந்து, "ஹவ், ஆமா, அவ சொல்றது கரெக்ட்தான்" என்றான். அவன் பார்வை செல்போனை விட்டு நகரவில்லை.

அந்த நாளில் வகுப்பறை கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. அப்பாக்கள் நின்றுகொண்டு வீடியோ எடுத்தார்கள். நாங்கள் மூன்றாவது வரிசை. முன்னால் ஒரு மேசை. அதன்மேல் ஐந்து கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் அதன் அட்டைக்கு வேண்டிய அளவு விதை. குழந்தை வந்து, விதைகளைக் குவியல் குவியலாகப் பிரித்து, சத்தமாகக் கூட்டி, விடையைச் சொல்லிவிட்டு, விதைகளைத் திரும்பக் கிண்ணத்தில் வாரிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். டீச்சர் பக்கத்தில் நின்று மார்க் போட்டார்.

ஆறு நான்குக்கு முதலில் வந்த பையன் மேடைப் பேச்சாளன் போலக் கையை வீசிச் சொன்னான். கைத்தட்டல் கேட்டதும் அதே கையால் விதைகளை வாரினான். ஒன்று நழுவித் தரையில் குதித்து, இரும்பு பீரோவுக்கு அடியில் உருண்டு போனது. டீச்சர் அப்போது அவன் அப்பாவின் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதே அட்டைக்கு அடுத்து ஒரு சிறுமி. ஐந்து குவியலில் நான்கு நான்கு விதை, ஆறாவதில் மூன்று. அந்த மூன்றின்மேல் விரலை வைத்து, "ட்வென்டி ஃபோர்" என்றாள். கைத்தட்டல். டீச்சர் அவள் தலையைத் தடவினார். மேசைக்கும் அவருக்கும் ஒரு முழத் தூரம்கூட இல்லை.

பிறகு எங்கள் பெண். மெதுவாகத்தான் பிரித்தாள். கிண்ணம் காலியானதும் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். கூட்ட ஆரம்பித்தாள். இருபது வரை வீட்டுப் பாட்டு. அதற்குமேல் நின்றுவிட்டாள்.

"கமான், அப்புறம்?" என்றார் டீச்சர்.

"ட்வென்டி த்ரீ."

என் பக்கத்தில் தம்பி மனைவி மூச்சை இழுத்தது கேட்டது. டீச்சர் அட்டையைத் தூக்கிக் காட்டி, நன்றாக யோசித்துச் சொல்லும்படி சொன்னார். அவள் அட்டையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். கடைசிக் குவியலை டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"மூடே உன்னாயி, மிஸ்" என்றாள். மூன்றுதான் இருக்கிறது என்பதற்கு அவளுக்கு அவசரத்தில் வந்தது ஊர்ப் பேச்சான தெலுங்கு.

ஒரு விதை குறைகிறதே, எங்கே போயிருக்கும் பார் என்று டீச்சர் கேட்டிருந்தால் அந்த வருஷத்துப் பாடம் முழுவதும் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தம்பி மனைவி வாயை மட்டும் அசைத்து இருபத்து நான்கு, இருபத்து நான்கு என்று காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அதைப் பார்க்கவில்லை. மூன்று விதைகளையே பார்த்துக்கொண்டு நின்றது.

நான் எழுந்து, ஒரு விதை பீரோவுக்கு அடியில் கிடக்கிறது, இவளுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது என்றேன்.

டீச்சர் குனிந்து பார்க்கக்கூட இல்லை. "இட்ஸ் ஓகே, மேடம். ஆனா இந்த அட்டைக்கு ஆன்சர் ட்வென்டி ஃபோர்தானே?" என்று என்னிடமே கேட்டார். அப்படியானால் விதை எதற்கு என்றேன். அது ஆக்டிவிட்டி என்றார். மார்க் போட்ட பேனாவை மூடிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

ஆட்டோவில் தம்பி மனைவி அழுதாள். அழுகை நின்றதும் மகள் பக்கம் திரும்பினாள்.

"கார்டுல என்ன இருக்கோ அதப் பாத்துச் சொல்லணும். கிண்ணத்துல எவ்ளோ இருக்குன்னு உன்ன யாருடி கேட்டா?"

"நா கவுன்ட் பண்ணேன், மம்மி."

"யாரு பண்ணச் சொன்னா?"

சொன்னது பள்ளிக்கூடம். அதை நினைவுபடுத்தினேன். "நீங்க சும்மா இருங்கக்கா. நீங்க எந்திரிச்சுப் பேசுனதுலதான் அவங்களுக்குக் கோபமே" என்றாள். எனக்கும் சேர்த்துத்தான் மார்க் போட்டிருக்கிறார்கள் போல.

முடிவு வாட்ஸ்அப்பிலேயே வந்தது. விரலை வைத்து மூன்றை நான்காக்கிய சிறுமி ஒலிம்பியாட் பிரிவு. எங்கள் பெண் ஃபவுண்டேஷன் பிரிவு. அங்கே போன பிறகு விதையும் இல்லை, குவியலும் இல்லை. புரியாத பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை என்று தினமும் காலையில் வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைக்கிறார்கள். சிந்தனை கெட்டுப்போவதைப் பற்றி அந்தப் பிரிவில் யாரும் கவலைப்படுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியின் நண்பர் மனைவியோடு வந்திருந்தார். தம்பி மனைவி ஆறு தட்டில் நான்கு நான்காக மிளகாய் பஜ்ஜி வைத்தாள். தம்பி போகிற போக்கில் ஒரு தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"நக்கோங்க, வேணாம், கெஸ்ட் முன்னாடி" என்று அவனை அடக்கிவிட்டு, விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "இப்பல்லாம் நல்லா சொல்றா, பாருங்க" என்றாள். மகளைக் கூப்பிட்டாள். "ஆறு தட்டு, நாலு நாலு பஜ்ஜி. எவ்ளோடா?"

குழந்தை தட்டுகளைப் பார்த்தாள். மூன்று பஜ்ஜி இருந்த தட்டில் அவள் கண் நின்றதை நான் பார்த்தேன். பிறகு தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ட்வென்டி ஃபோர்" என்றாள்.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். மூன்று பஜ்ஜி இருந்த தட்டை அவளே எடுத்துக்கொண்டுபோய் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.