சுமையோடு பதினாலு

எங்கள் பிக்கப் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மைலேஜ் பேச்சு ஓயவில்லை. ஷோரூமில் லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் என்று சொல்லித்தான் விற்றார்கள். என் கணவர் ஓட்டியதில் அது பதினொன்றைத் தாண்டவே இல்லை. "காலி வண்டிய ஓட்டிப் பாத்துட்டு சொல்லியிருப்பானுங்க. தக்காளி ஏத்திக்கிட்டு எவன் பாத்தான்?" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வார்.

சூளகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. தக்காளியும் குடைமிளகாயும் போடுகிறோம். அக்கம்பக்கத்துத் தோட்டத்துச் சரக்கையும் சேர்த்து ஓசூர் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போவோம். கணவரின் தம்பி குருபரப்பள்ளியில் இருக்கிறார். அவரிடமும் அதே வண்டி. எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "எனக்கு பதினஞ்சு குடுக்குதுண்ணா. எல்லாம் ஓட்டறதுலதான் இருக்குது" என்பார். அன்று முழுக்க என் கணவருக்குச் சாப்பாடு இறங்காது.

போன மழையில் வரப்பில் வழுக்கி விழுந்து கணவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்தோம். அவருக்குச் சூளகிரியிலேயே புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, ஒரே வாரத்தில் போய்விட்டார். தக்காளி யாருக்காகவும் காத்திருக்காது.

என்னிடம் லைசென்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்தேன். மத்திகிரியில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். உனக்கு எதற்கு இது என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள்.

"நான் ஓட்டறன்" என்றேன்.

கணவர் தன் தோளில் போட்டிருந்த கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கிளட்ச் கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்றார். அதுதான் சம்மதம்.

முதல் நாட்களில் எனக்கு இருந்தது திறமை இல்லை, பயம். யாரையும் முந்தவில்லை. தூரத்தில் பிரேக் விளக்கு சிவந்தாலே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப்போகும். ஒரு நாள் டீசல் போட பங்க்கில் நின்றபோது, பக்கத்திலிருந்த கன்னட லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனம்மா, நீவே ஓடிஸ்தீரா?" என்று கேட்டார். நானேதான் ஓட்டுகிறேன் என்று தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தன் லாரியை நகர்த்தி எனக்கு வழி விட்டார்.

வழக்கமாக டீசல் தீருகிற நாள் வந்தும் முள் கீழே இறங்கவில்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கம்பெனியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு: ஒரு தடவை அளந்ததை நம்பாதே, அதே மாதிரி மறுபடியும் அள. அதே பங்க்கில், அதே பம்ப்பில், தானாக கட் ஆகும்வரை நிரப்பினேன். ஓசூர் போய் வந்து மறுபடியும் நிரப்பினேன். லிட்டருக்குப் பதின்மூன்று வந்தது.

அதன்பிறகு எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. டயர்களுக்குச் சரியாகக் காற்று அடித்தேன். கேபினுக்கு மேலே சும்மா நின்றுகொண்டு காற்றை மறித்த இரும்புச் சட்டத்தைக் கழற்றினேன். கணவர் கிளட்ச் மேலேயே கால் வைத்து ஓட்டுவார். நான் காலைத் தரையில் வைத்தேன். பதினாலு வந்தது.

கணவரிடம் சொன்னேன். "டேங்க் சரியா நெரம்பியிருக்காது" என்றார்.

அவரைப் பார்க்க வந்திருந்த தம்பி பலமாகச் சிரித்தார். "பதினாலா அண்ணி? சுமையோடவா?"

"சுமையோடதான். நீங்க பதினஞ்ச எப்படிப் பாத்தீங்க?"

"சூளகிரில போட்டு கிருஷ்ணகிரி வரைக்கும் பாத்தன்."

"அது பூரா இறக்கமாச்சே. திரும்ப ஏறி வந்து பாத்தீங்களா?"

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

"சரி, ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாத்துடலாம். தோத்தவங்க ஜெயிச்சவங்க வண்டியக் கழுவணும்" என்றார் தம்பி.

குருபரப்பள்ளி பங்க்கில் இரண்டு வண்டிகளிலும் கழுத்துவரை டீசல் நிரப்பினோம். இரண்டிலும் ஒரே அளவு தக்காளிக் கிரேட் பெட்டி. ஓசூரில் இறக்கிவிட்டு, ஆளுக்குச் சமமாக மாட்டுத்தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு அதே பம்ப்புக்குத் திரும்ப வேண்டும். சாட்சிக்கு என்று சொல்லிக் கணவர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

சூளகிரி தாண்டுவதற்குள் தம்பியின் வண்டி கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்த பஸ்ஸ முந்து" என்றார். நான் முந்தவில்லை. "அவன் ஓசூரே போயிருப்பான்" என்றார். நான் டாப் கியரிலேயே, ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தேன். மேட்டில் வேகம் கொஞ்சம் குறைந்தபோது அவருடைய வலது கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். அவருக்கு முன்னால் ஆக்சிலேட்டர் எதுவும் இல்லை.

ஓசூர் ஊருக்குள் சிக்னலில் நிறுத்தினேன். பக்கத்து வரிசையில், எங்களுக்கு ஒரு வண்டி முன்னால், தம்பியின் பிக்கப் நின்றிருந்தது. அவ்வளவு வேகமும் அவரை அந்தச் சிவப்பு விளக்குவரைதான் கொண்டுவந்திருந்தது. கணவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் அவர் எதையும் முந்தச் சொல்லவில்லை.

பங்க்கில் முதலில் தம்பியின் வண்டிக்குப் போட்டார்கள். பம்ப்பில் எண்கள் ஓடின. ஆறு லிட்டரைத் தாண்டி ஏழு லிட்டரை நெருங்கியபோதுதான் கட் ஆனது. அவர் செல்போனில் கணக்குப் போட்டார். பதினொன்றுதான் வந்தது. மறுபடியும் போட்டுப் பார்த்தார். அதுவே.

அடுத்து என் வண்டி. ஐந்து லிட்டர் தாண்டிய கொஞ்ச நேரத்தில் பம்ப் நின்றது.

"காத்து அடைச்சிருக்கும். வண்டிய ஆட்டிட்டு மறுபடி போடுங்க" என்றார் தம்பி. அவரே பின்பக்கம் பிடித்து ஆட்டினார். தீவன மூட்டைகளோடு வண்டி லேசாக அசைந்தது. பங்க் ஊழியர் மறுபடியும் போட்டார். ஒரு டம்ளர் அளவு இறங்கியிருக்கும், அவ்வளவுதான். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்த்தோம்.

பதினாலுக்குக் கொஞ்சம் மேலே.

கணவர் பங்க் ஊழியரிடம் போனார். "என் சம்சாரம் ஓட்டுனது. சுமையோட பதினாலு" என்றார். ஊழியர் எதுவும் கேட்டிருக்கவில்லை. காற்றடிக்கும் இடத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத மனிதரிடமும் போய் அதையே சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. கம்பெனி அசெம்பிளி லைனில் எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். இப்படி ஒன்று கிடைத்ததில்லை.

தம்பி சொன்ன சொல் தவறவில்லை. தன் வீட்டு வாசலிலேயே என் வண்டியைக் கழுவினார், டயர் இடுக்குச் சேறு உட்பட. அவர் மனைவி உள்ளேயிருந்து எனக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து காபி குடித்தேன்.

கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நாளைக்கு என் வண்டில கொஞ்ச தூரம் வர்றீங்களா அண்ணி? நான் எங்க தப்பு பண்றன்னு பாத்து சொல்லுங்க."

போனேன். இப்போது அவருக்குப் பதின்மூன்று கிடைக்கிறது, ஏறும்போதும் இறங்கும்போதும் சேர்த்துத்தான்.

கணவரின் தோள் நன்றாகக் கூடிவிட்டது. டாக்டர் சரி என்று சொன்ன மறுநாள் காலையில் சரக்கு ஏற்றியானதும் அவர் சாவியோடு வண்டிக்குப் போனார். நான் கிரேட்டுகள் மேல் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு வந்து பார்த்தபோது, அவர் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஏறு, நேரமாச்சு" என்றார்.