அரசப்பன் பார்க்காத கடைசி அரைமணி

1987-ல் நிரப்பப்பட்ட ஒரு கணக்கெடுப்புப் படிவம் க. அரசப்பனைப் பற்றி இப்படிச் சொல்கிறது: 'வயது முப்பத்தொன்பது. உப்பளத் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சு மிகக் குறைவு. கலை, பொழுதுபோக்கு முதலியவற்றில் நாட்டமில்லை.'

கணக்கெடுக்க வந்தவர் பொய் எழுதவில்லை. அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, மாலை மூன்றே முக்காலுக்கு. நான்கு மணிக்குப் பாண்டிச்சேரி பஸ். அந்தப் பதினைந்து நிமிடத்தில் கடவுளே வந்து என்ன வரம் வேண்டும் என்று கேட்டிருந்தாலும், "ஒண்ணும் வேணாங்க" என்றுதான் அரசப்பனிடமிருந்து பதில் வந்திருக்கும்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பத்து மணிக்கு மேல் பாத்தியில் நின்றால் மேலே ஒரு சூரியன், கீழே ஒரு சூரியன். ஆகவே எல்லோரும் கரையிலிருக்கும் கீற்றுக் கொட்டகைக்கு வந்து, தூக்குவாளியைத் திறந்து கூழைக் குடித்துவிட்டு, கால் வெடிப்புகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவார்கள். மற்ற நாட்களில் அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் அரசப்பன் படம் சொல்வார்.

பெயர் போடுவதிலிருந்து சொல்வார். சண்டை வந்தால் உப்பு வாரும் பலகையைத் தரையில் அடிப்பார். பாட்டு வந்தால் வரிகள் நினைவிருக்காது. மெட்டு ஓர் இம்மியும் பிசகாது. புல்லாங்குழல் உதட்டில், தபேலா தூக்குவாளியின் அடியில், கதாநாயகி அழும்போது வரும் வயலின்கள் எல்லாம் மூக்கில். இடைவேளையும் உண்டு. படம் பாதியில் நிற்கும், அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போய்விடுவார். நாற்பது பேர் காத்திருப்பார்கள். உள்ளேயே உட்கார்ந்து பிடித்தால் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. இடைவேளை என்றால் வெளியே போகத்தானே வேண்டும்!

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். வெள்ளிக்கிழமைகளில் பாத்தி வேலைக்குப் பிறகு லாரிகளுக்கு மூட்டை ஏற்றி முடிக்க மூன்று மணி ஆகிவிடும். அவருக்குக் கிடைப்பது ஆறரை மணிக் காட்சி. பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணத்துக்குக் கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு. படம் முடிவதோ ஒன்பதைத் தாண்டி. எட்டு வருடத்தில் முந்நூறு படத்துக்கு மேல் பார்த்தவர், ஒன்றின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை. வில்லன் கதாநாயகியைத் தூணில் கட்டுகிற இடம் வரை உலகத்தில் நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காலாப்பட்டுக்கும் கூனிமேட்டுக்கும் நடுவே, பஸ் ஜன்னலோரம், அவர் தலைக்குள் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குப் போயிருந்தால் ஒழுங்காக முடிவையும் பார்த்திருக்கலாம். ஆனால் படம் வெளியான அன்றே பார்த்து, மறுநாளே சொல்வதில்தான் அவருடைய கௌரவம் இருந்தது. முழுசாக ஆறிப்போனதைவிட முக்கால்வாசி சூடாக இருப்பது மேல். பத்திரிகைகள்கூட இந்தக் கொள்கையில்தான் நடக்கின்றன.

மாட்டிக்கொண்டிருக்க வேண்டியவர்தான். ஒரு வருடம் கழித்து அதே படம் டூரிங் டாக்கீஸுக்கு வரும். முடிவு வேறாக இருக்கும். யாரும் அரசப்பனைச் சந்தேகிக்கவில்லை. "கொட்டாய்க்காரன் ரீலை வெட்டிட்டான்டா" என்றார்கள். கன்னியப்பன் என்ற மூத்த தொழிலாளி ஒருமுறை டாக்கீஸ்காரரின் சட்டையைப் பிடித்து, நல்ல கிளைமாக்ஸை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று கேட்டே விட்டார்.

அரசப்பனுக்கு ஒரே நண்பர், கூனிமேட்டு அஹமது கபீர். நான்கு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு ஒரு டபுள் டெக் டேப் ரெக்கார்டரோடு திரும்பிவந்து, மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடை வைத்திருந்தார். லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் கேஸட்டில் ஏற்றித் தருவார். பாட்டுக்குப் படம் ஒரு சுமை என்பது கபீரின் கட்சி. பாட்டு வந்தால் எழுந்து வெளியே போகலாம் என்பது அரசப்பன் கட்சி. படம் சுமை என்ற கபீர், டூரிங் டாக்கீஸுக்கு வந்த ஒரு படத்தையும் விட்டதில்லை. பாட்டுக்கு எழுந்து வெளியே போன அரசப்பனுக்கு எல்லா மெட்டும் மனப்பாடம். இந்த அளவுக்கு ஒத்துப்போகாத இரண்டு பேர் நண்பர்களாக இருக்காமல் வேறென்ன செய்வது?

"பாட்டு எப்படி முடியுதுன்னு பார்த்தியா அரசப்பா?" என்பார் கபீர். "முடியறதே இல்ல. சத்தம் கொறஞ்சிக்கினே போவுது, அவ்ளோதான். எங்கியோ இன்னும் பாடிக்கினுதான் இருக்கான்."

"படம் அப்படி இல்ல பாய். கடைசியில வணக்கம் போட்டாவணும்."

"நாலு நிமிசப் பாட்டுக்கு மூணு நிமிச டேப்தான் மிச்சம்னா நான் ஏத்தவே மாட்டேன். காலியா வுட்டாலும் வுடுவேன். பாதியில அறுக்கறது பாவம்பா."

இதைக் கேட்டால் மட்டும் அரசப்பன், மழை வருமா என்று பேச்சை மாற்றிவிடுவார்.

உப்பளக் கொட்டகையில் மெட்ராஸைப் பார்த்திருந்த ஒரே ஆள் அம்சவல்லி. வியாசர்பாடியில் லாரிப் பட்டறையில் வேலை செய்தவனுக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு வருடம் கழித்து, சரியாகக் கூடாத இடது மணிக்கட்டோடு திரும்பிவந்தவள். பலகையை வலது கையால்தான் இழுப்பாள். எப்படி ஒடிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் படத்தில் மெட்ராஸ் வந்தால் எல்லோரும் சாட்சிக்கு அவள் பக்கம்தான் திரும்புவார்கள்.

"அந்த மாதிரி வூட்டு மாடியிலேர்ந்து கடல் தெரியுமா அம்சா?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டு வருசத்துல ஒரு தபா கூட நான் கடலைப் பார்க்கலை. தண்ணி லாரியத்தான் பார்த்தேன்."

கடற்கரையில் பிறந்து, கடற்கரை நகரத்துக்குப் போய், கடலைப் பார்க்காமல் திரும்பியவள். அரசப்பனும் முந்நூறு முறை பாண்டிச்சேரிக்குப் போனவர்தான். அவர் பார்த்த நகரம் பஸ் நிலையத்துக்கும் தியேட்டருக்கும் நடுவேயிருந்த இரண்டு தெரு. நகரத்தைப் பற்றி அந்தக் கொட்டகையில் பேசத் தகுதியுள்ளவர்கள் இவர்கள் இருவரும்தான்.

1988 மே மாதம் அரசப்பன் சொன்ன படம் ஒரு மனைவியைப் பற்றியது. புருஷன் அடிக்கிறான், அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள், அரிசி ஆலையில் வேலை செய்து பிழைக்கிறாள். நான்கு வருடம் கழித்து, மழை கொட்டும்போது அவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் அரசப்பன் முந்தின நாள் எழுந்து பஸ்ஸுக்கு ஓடியிருந்தார்.

எப்போதும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அம்சவல்லி, அன்று திரும்பி உட்கார்ந்திருந்தாள். அரசப்பன் அதைக் கவனித்தார். சந்தோஷமான முடிவாகப் போட வேண்டும் என்று தோன்றியது. கதவைத் திறந்தார். புருஷனை அழவைத்தார். குழந்தையைக் கொண்டு இருவர் கையையும் சேர்த்துவைத்தார். மூக்கில் முப்பது வயலின் வாசித்தார்.

"அப்புறம் அடிக்கவே இல்லியா?" என்றாள் அம்சவல்லி.

"இல்லம்மா."

"நெசமா?"

"சத்தியமா."

செவ்வாய்க்கிழமை அவள் பாத்தி வரப்பில் வந்து நின்றாள். "ஞாயித்துக்கிழம மெட்ராஸ் போறேண்ணே. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னாம்மா திடீர்னு?"

"அந்தாளு லாரி டிரைவர்கிட்ட மூணு தபா சொல்லி அனுப்பிட்டான், திருந்திட்டேன்னு. நான் நம்பலை. நீ படம் சொன்னப்புறம் யோசிச்சிப் பார்த்தேன். அவளும் தனியா இருந்தவதான? தொறந்தா. நல்லாத்தான இருக்கறா? நீயே சத்தியம் பண்ணியே."

சினிமா பார்த்து ஜனங்கள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அதெல்லாம் இல்லை என்று இன்னொரு சாரார். இந்த விவாதத்தில் அம்சவல்லியைச் சேர்க்க முடியாது. அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. சொன்னவரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை அரசப்பன் கபீரின் கடைக்குப் போனார். கபீர் அதற்கு முந்தின நாள்தான் காலி கேஸட் வாங்க மெட்ராஸ் போய், அந்தப் படத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"பாய், கடைசியில இன்னா ஆவுது?"

"நீதான் வெள்ளிக்கெழமையே பார்த்துட்டியே?"

அம்சவல்லி கிளம்புவதை அரசப்பன் சொன்னார். முடிவே பார்க்காத எட்டு வருடத்தையும் சொன்னார். கபீர் ஓடிக்கொண்டிருந்த டேப்பை நிறுத்தினார். ஒரு பாட்டு பாதியில் அறுந்தது.

"யா அல்லாஹ்! முந்நூறு படமா? ஏம்பா, நீ சொன்ன கிளைமாக்ஸைக் கேட்டு நானே ஒரு நாள் அழுதேன்டா."

"முடிவைச் சொல்லு பாய்."

"அவ கதவைத் தொறக்கறா. அவன் குடிச்சிட்டு வந்திருக்கறான். புடிச்சித் தள்றான். அம்மிக்கல்லுல மண்ட பட்டு அவ செத்துடறா. அப்பத்தான் அவன் திருந்தறான். சமாதியில பூ போட்டுட்டு ஒரு பாட்டு. பாட்டு ரொம்ப நல்லாருக்குது."

"அவன் திருந்த அவ சாவணுமா?"

"படம்பா." கபீர் கொஞ்சம் யோசித்தார். "சனிக்கெழம போயி, ஒரு சீன் வுட்டுப்போச்சின்னு சொல்லிடு. இந்த முடிவைச் சொன்னா பயந்துக்கினு அவ போவ மாட்டா. உன் பேரும் கெடாது."

கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. அம்சவல்லி நின்றுவிடுவாள், அரசப்பனின் எட்டு வருட மரியாதையும் நிற்கும். போதாததற்கு, அதுதான் உண்மையான முடிவும்கூட. அரசப்பன் வெகுநேரம் கேஸட் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதையும் நான் பார்க்கலியே பாய்" என்றார் கடைசியில்.

அந்த வெள்ளிக்கிழமை நான்கு மணி பஸ் அவர் இல்லாமல் போனது. சனிக்கிழமை காலை கொட்டகையில் எல்லோரும் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். கன்னியப்பன், "இன்னாபா, பேரு போடு" என்றார்.

அரசப்பன் எழுந்து நின்றார். "நேத்து போவலை. போன வாரம் சொன்ன படத்துல, கடைசியில இன்னா ஆச்சின்னு எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாயிடும்னு எழுந்து வந்துட்டேன். கதவைத் தொறந்தது, அழுதது, எல்லாம் நானாச் சொன்னது."

கன்னியப்பன் மெதுவாகக் கேட்டார். "போன தீவாளிக்குச் சொன்னியே, ரெட்டப் புள்ளைங்க படம். அண்ணனும் தம்பியும் சேர்ந்தாங்களா இல்லியா?"

"தெரியாது."

"அந்த ஊமப் பொண்ணு? கடைசியில பேசினாளே?"

"நான்தான் பேச வெச்சேன்."

"டேய்! அந்தப் பொண்ணுக்குப் பேச்சு வந்ததுக்கு நான் கோயில்ல சூடம் கொளுத்தினேன்டா! உன்னை நம்பி கொட்டாய்க்காரன் சட்டையப் புடிச்சேனேடா!"

யாரோ சிரித்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். அரசப்பன் இரண்டையும் பார்க்கவில்லை, அம்சவல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியம் பண்ணியேண்ணே" என்றாள் அவள்.

"பண்ணது தப்பு. நான் எழுந்தப்ப கதவு மூடித்தான் இருந்துச்சி. பார்த்த ஒருத்தரு வேற ஒண்ணு சொன்னாரு. அது நான் பார்க்காதது, சொல்ல மாட்டேன். நீ போவணும்னா போ அம்சா. நான் சொன்னேன்னு போவாத."

அம்சவல்லி தூக்குவாளியைக் கழுவி மூடிவிட்டு, வெயிலில் இறங்கிப் போனாள். மெட்ராஸ் பஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது, அவள் ஏறவில்லை. திங்கட்கிழமை உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள்: "திருந்தினது நெசம்னா இங்க வந்து, இந்த நாப்பது பேரு எதிர்ல சொல்லச் சொல்லு." அந்த உப்புக் காலம் முடியும் வரை அவன் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை.

அவள் நின்றதற்கு அரசப்பன் காரணமா என்று சொல்ல முடியாது. அவளைக் கேட்டால், மணிக்கட்டு என்று சொல்லியிருக்கக்கூடும். அவரால் ஆனது இவ்வளவுதான்: எட்டு வருடம் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேருக்கு நடுவில் எழுந்து நின்று, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொன்னார்.