பேச்சிமுத்து என்னைத் தூக்கவேண்டிய பாக்கி

தீயணைப்பு வேலையில் ஒரு முறை உண்டு: பயிற்சியில் நான் உன்னைத் தோளில் போட்டு மைதானத்தின் மறுமுனை வரை தூக்கிப்போனால், திரும்பி வரும்போது நீ என்னைத் தூக்க வேண்டும். ராஜபாளையத்தில் அந்த முறையை முதலில் மீறி எனக்குத் துரோகம் செய்தவன் சேத்தூர் பேச்சிமுத்து. என்னைவிடப் பத்து வயது இளையவன். அன்று காலை அவனை வேப்பமரம் வரை தூக்கிப்போய் இறக்கினேன். அவன் குனியப்போகிற நேரம் அதிகாரி போனும் கையுமாக ஓடிவந்தார். கொரோனாவாம், இனி யாரும் யாரையும் தொடக்கூடாதாம். பேச்சிமுத்து மூன்று எட்டு பின்னால் நகர்ந்தான்.

"கவர்மெண்டே சொல்லிட்டு, நான் என்னண்ணே செய்ய?"

விருப்பம் உள்ளவர்கள்

பரேடு நின்றது. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் ஆறடி தள்ளி நின்று உடற்பயிற்சி செய்யலாம் என்றார் அதிகாரி. உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார்; அந்த 'விருப்பம்' எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். ஒருவன் சுகருக்காக வந்தான். ஒருவன் போட்டோ எடுத்து பெண்வீட்டாருக்கு அனுப்ப வந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். ஐம்பத்தேழு வயதில் எனக்கென்ன தண்டால்? அதிகாரி பக்கத்தில் வந்து ரொம்ப அன்பாகச் சொன்னார்.

"வண்டியில ஏற மூச்சு வாங்குச்சுன்னா மிச்ச சர்வீஸ் பூராவும் போன் எடுக்க உக்காந்துக்கோங்க. கட்டாயம் இல்ல, உங்க விருப்பம்தான்."

முப்பது வருஷம் வண்டியில் போனவனைப் போன் எடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்!

முதுகில் மருந்து

அப்போது பக்கத்து ஊர்களுக்கும் போய்த் தெருத்தெருவாகக் கிருமிநாசினி அடித்தோம். டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பதே போதுமான உடற்பயிற்சி என்பது என் கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதியில் பாதி தெரு தாண்டவில்லை, ஒரு தையல்கடை வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி ஷட்டருக்குள்ளிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார். பின்னால் பேச்சிமுத்து நிற்கிறான் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். அவன் காதுபடத் தையல்காரர் சொன்னார்.

"அண்ணாச்சி, கிருமி சாகுறதுக்கு முந்தி நீங்க போயிருவிய போலயே! செத்த நேரம் உக்காருங்க."

பத்து கிலோ

திரும்பும் வழியில் பேச்சிமுத்துவிடம் பாக்கியைக் கேட்டேன். "எண்பத்தெட்டு கிலோவை எவன் தூக்குவான்? பத்து கிலோ குறைங்க, பொறவு தூக்குறேன்" என்றான். மறுநாள் விடியும் முன் மைதானத்தில் நின்றேன். ஓட்டம், கயிறு, ஏணி எல்லாம். திங்கள்தோறும் பஞ்சுக்கடைத் தராசில் ஏறினேன். அதிகாரி என்னைக் காட்டி, "இந்த வயசுல என்ன கடமை உணர்ச்சி!" என்று இளவட்டங்களிடம் பேசினார். நான் மறுக்கவில்லை. மூன்றாவது தோசையை வேண்டாம் என்றபோது என் வீட்டுக்காரிதான் கரண்டியோடு நின்றாள்.

"நான் முப்பது வருஷமாச் சொல்லுதேன், நூறு கிராம் குறையல. அந்தப் பேச்சிமுத்து சொன்னா மட்டும் குறையுதோ?"

செண்பகத்தோப்பு மேலே

நான் எழுபத்தெட்டைத் தொட்ட வாரம் அவனுக்குக் கொரோனா வந்துவிட்டது. பிழைத்து வந்தான். படுத்தவனிடம் பாக்கி கேட்கக்கூடாதென்று பொறுத்தேன். அடுத்த கோடையில் செண்பகத்தோப்புக்கு மேலே மலைச்சரிவில் தீ. வண்டி போகாது, ஏறிப்போய்ப் பச்சைக் கிளையால் அடித்து அணைத்தோம். திடீரென்று காற்று எங்கள் பக்கம் திரும்பியது. புகைக்குள் பேச்சிமுத்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு இழுத்தது. "நீங்க போங்கண்ணே" என்றான். தீ முப்பது எட்டு வைக்கிற தூரத்தில் இருந்தது.

"ஏலே, நீ எனக்குப் பாக்கி வச்சிருக்க, சும்மா விட்டுட்டுப் போவேனா?" என்று தூக்கித் தோளில் போட்டேன். வண்டி நிற்கிற இடம் வரை நிற்காமல் இறங்கினேன். கால் தள்ளாடவில்லை. பாதி வழியில் என் முதுகுப்பக்கம் தலைகீழாகத் தொங்கியவன் இருமி இருமிக் கேட்டான், நான் இப்போது எம்புட்டு கிலோ என்று. எழுபத்தேழு என்றேன்.

"இன்னும் ரெண்டு குறைங்கண்ணே, கண்டிப்பாத் தூக்குறேன்."

ஒருநாளும் போன் எடுக்க உட்காராமல் வண்டியிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டேன், எடையும் எழுபத்தைந்துக்கு வந்துவிட்டது, பேச்சிமுத்து என்னைத் தூக்கவேண்டிய பாக்கி மட்டும் ஒன்றாக இருந்தது இரண்டாகி நிற்கிறது.