நெருப்புப் படம் போட்ட பட்டன்

எல்லோரும் அவரை ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய ஆலையின் தொலைபேசி அறையில் உட்கார்ந்து, "வணக்கம், யாரு வேணும்?" என்று கேட்டு இணைப்புக் கொடுக்கும் வேலையை நெடுங்காலம் பார்த்தவர். ஆலையில் தானாக இணைப்புக் கொடுக்கும் கருவி வந்ததும் வேலை போனது. பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒருநாள் முழுசாகவே போய்விட்டது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. யாராவது "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தால், "கரண்ட் போனா நீங்கதாங்க தடுமாறுவீங்க, நான் இல்ல" என்று சொல்லிப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

ஆலைக்குப் பிறகு கிடைத்தது ஒலிநூலகத்து வேலை. நூலகக் கட்டடத்தின் மாடியில், பின்பக்கம் ஒரு அறை. புத்தகங்களை யாராவது வாசித்துப் பதிவு செய்து கொடுப்பார்கள். அதைச் சிடியில் ஏற்றி, நகல்கள் எடுத்து, உறையின் மேல் பிரெயில் ஒட்டி, பார்வை இல்லாத வாசகர்களுக்குத் தபாலில் அனுப்புவது ஆபரேட்டரம்மாவின் பொறுப்பு. கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் திரைவாசிப்பான் ஒன்று அவருக்குத் துணை. அது ஆங்கிலக் குரல். அதை அவர் தலைதெறிக்கும் வேகத்தில் ஓடவிட்டிருந்தார். புதிதாக வருபவர்களுக்கு அது ஏதோ வண்டு ரீங்காரம் போடுவதுபோல இருக்கும். அவருக்கோ ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்.

கையில் ஒரு காலிச் சிடித் தட்டை எடுத்தால் விளிம்பை மட்டும்தான் பிடிப்பார். நடு ஓட்டையைச் சுற்றி விரல் நுனிக்கு ஒரு மெல்லிய வரம்பு தட்டுப்பட்டால் அது அடிப்பக்கம். அதைக் கீழே பார்க்க வைத்துக் கணினிக்குள் தள்ளினால், டிரைவ் முதலில் முனகும், பிறகு வேகம் பிடிக்கும். எழுதி முடிந்து வெளியே வரும் தட்டு இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் கடைசி அத்தியாயத்தின் கடைசி வரியைப் போட்டுக் கேட்டுவிடுவார். "கதை முடியாம அனுப்பினா, அது பந்தியில இருந்து பசியோட எழுப்பி விடற மாதிரிங்க" என்பார்.

வாசகர்கள் நேரே அவருக்கே போன் போடுவார்கள். ஓய்வு பெற்ற லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயில் கண் போனவர். "ஆபரேட்டரம்மா, பாதிக் கதையில ஹீரோ திக்க ஆரம்பிச்சுட்டான்!" என்று கத்துவார்.

"அவன் திக்கலைங்க. உங்க தட்டுல கீறல் விழுந்திருக்கு. சாப்பாட்டுத் தட்டு மாதிரி அடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அனுப்பி வைங்க, வேற போட்டுத் தரேன்."

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையில் புதுக் கணினி ரூபத்தில் வந்தது வினை. பழையது ஒருநாள் மூச்சை விட்டதால், ஒலிநூலகத்தின் செயலாளர் அலைந்து திரிந்து ஒன்றை வாங்கி வந்தார். ஒரே நேரத்தில் பல நகல் எடுக்கக்கூடியது. ஆனால் சிடி எழுதுவதற்கு அதோடு வந்த மென்பொருளில் எழுத்தே இல்லை, எல்லாம் படம். திரைவாசிப்பானுக்கு எழுத்து தெரியும், படம் தெரியாது. ஆபரேட்டரம்மா ஒவ்வொரு பட்டனாக நகர்த்திப் பார்த்தார். "படம் நானூற்றுப் பன்னிரண்டு" என்றது. "படம் நானூற்றுப் பதின்மூன்று" என்றது. அதற்கு மேல் அதற்கும் ஒன்றும் தெரியவில்லை.

செயலாளர் நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததுதான் கஷ்டமாகப் போயிற்று.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லம்மா. சிடி போடறதுக்கு மட்டும் கண் தெரிஞ்ச ஆள் ஒருத்தரைப் பாத்துக்கலாம். நீங்க கவர் ஒட்டுங்க, போனைப் பாத்துக்கோங்க. சம்பளத்துல கைவைக்க மாட்டேன்."

ஆலையிலும் இப்படித்தான் மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்கள். அன்று போல இன்றும் தலையாட்டிவிட்டு எழுந்து போக அவருக்கு மனம் வரவில்லை.

"ஒரு வாரம் குடுங்க சார். அதுக்குள்ள இதை நான் பேச வைக்கிறேன்" என்றார். எப்படி என்று அவருக்கே தெரியாது.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். அப்போது வேறொரு ஊரில் புதுக் கட்டடத்து வேலையில் இருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "படத்தைப் பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானே? அக்காவைக் கூப்பிடேன்" என்றார்.

"உங்க அக்காவையா? அதுக்கு என்னைக் கிணத்துல குதிக்கச் சொல்லலாம்."

நாத்தனார் அதே வீட்டின் மாடியில் தனியாக இருந்தார். ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுகிறவர். தம்பிக்குப் பெண் பார்த்த சமயத்தில், பக்கத்து அறையில் நின்று தம்பியிடம், "அவளுக்குக் கண்ணு தெரியலை சரி, உனக்குமா தெரியலை?" என்று கேட்டவர். நடுவில் இருந்தது மெல்லிய பலகைச் சுவர். அந்தக் கேள்வி இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் காதில் நன்றாகவே விழுந்தது. கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு பெண்களுக்கும் இடையே பேச்சு என்றால் "தண்ணி வருது", "கதவைத் தாழ்ப்பாள் போட்டாச்சு" அளவோடு சரி. சண்டை இல்லை, சண்டை போடும் அளவுக்குக்கூடப் பழக்கம் இல்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஆபரேட்டரம்மா கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறினார். நாத்தனார் விஷயத்தைக் கேட்டார்.

"சனிக்கிழமை எனக்கு லீவு" என்றார். "காலையில கிளம்பிடலாம்."

அறைக்குள் நுழைந்ததும் நாத்தனாரின் முதல் கேள்வி: "என்ன இது, ஸ்கிரீனே இருட்டா கெடக்கு?"

"நான் ஆன் பண்றதே இல்ல அண்ணி. எனக்கு எதுக்கு?"

நாத்தனார் சுவிட்சைத் தேடிப் போட்டார். கைக்குட்டையை எடுத்துத் திரையில் படிந்த தூசியைத் துடைத்தார். ஆபரேட்டரம்மா விசையைத் தட்ட, திரைவாசிப்பான் கடகடவென்று ஏதோ சொல்லிற்று.

"என்னடி இது, குடிச்சவன் மாதிரி உளறுது?"

"படம் நானூத்திப் பன்னிரண்டுன்னு சொல்லுது. அது என்ன படம்னு நீங்க சொல்லுங்க. நான் அதுக்கு ஒரு பேரு வெச்சுடறேன். பேரு வெச்சுட்டா அடுத்த தடவையிலருந்து அதுவே பேரைச் சொல்லிடும்."

நாத்தனார் குனிந்து பார்த்தார். "ஒரு தட்டு. அது மேல நெருப்பு எரியுது."

"அதேதான்!"

"எது அதேதான்? எரியுதுங்கறேன், நீ சந்தோஷப்படறே."

"சிடியில எழுதறதை இங்கிலீஷ்ல எரிக்கறதுன்னுதான் சொல்லுவாங்க அண்ணி."

"நல்ல காரியத்துக்கு நல்ல பேரு வெச்சாங்க, போ."

ஆபரேட்டரம்மா ஆங்கில எழுத்தில் 'நெருப்பு' என்று அடித்தார். திரைவாசிப்பான் அதைத் தன் வெள்ளைக்கார நாக்கில் புரட்டி, "நெர்ரப்பூ" என்றது. நாத்தனார் ஒரு நொடி திகைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நாத்தனார் இப்படிச் சிரித்து ஆபரேட்டரம்மா கேட்டதில்லை. அவருக்கும் சிரிப்பு ஒட்டிக்கொண்டது.

அப்படியே ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டு போனார்கள். ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்ற இரண்டு தட்டுகள் நகல் எடுப்பதற்கு. பூ மாதிரி இருந்த பல்சக்கரம் அமைப்புகளுக்கு. தட்டின் மேல் சின்னதாக ஒரு கட்டை மாதிரி இருந்த படத்துக்கு வந்தபோதுதான் நாத்தனார் தடுமாறினார்.

"பென்சில் மாதிரி இருக்கு. ஏதோ எழுதறதுக்கா இருக்கும்."

டிரைவில் அப்போது இருந்தது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் வைத்துப் பதிவு செய்து கொடுத்த தட்டு. ஒரு பெரிய நாவலின் பின்பாதி. திரும்பத் திரும்ப எழுதி அழிக்கக்கூடிய வகைத் தட்டு. புது இயந்திரம் பேசாத காரணத்தால் அதற்கு இன்னும் நகல் எடுக்கவில்லை. எழுதுவதற்கான பட்டன்தானே, தட்டின் மேல் பெயர் போடுமோ என்னவோ என்று நினைத்து ஆபரேட்டரம்மா தட்டிவிட்டார். ஒரு பெட்டி எழுந்தது. அதில் இருந்த எழுத்தும் படமாகவே இருந்ததால் திரைவாசிப்பான் படிக்கவில்லை.

"என்ன கேக்குது அண்ணி?"

"ஓகேன்னு ஒரு பட்டன் இருக்கு."

"சரி, ஓகே."

டிரைவ் வேகம் பிடித்தது. பிறகு வழக்கத்துக்கு மாறாக, சீக்கிரமே அடங்கியது. ஆபரேட்டரம்மா கோப்புகளைத் தேடினார். "காலி" என்றது குரல். அது பென்சில் இல்லை, அழிப்பான்.

நாத்தனார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "மேல ஒரு வரி இருந்துச்சு. எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு. பட்டனைப் பாத்தேன், வரியைப் பாக்கலை. எழுத்து எழுத்தாப் பாக்கறதுதான் என் பொழப்பே. ஒத்த வரியை விட்டுட்டேனே."

"நான்தான் தட்டினேன் அண்ணி. முதல்ல வேற தட்டை வெச்சுப் பாத்திருக்கணும்."

மறுபடி படித்துத் தர அந்த ஆசிரியரும் ஊரில் இல்லை, மகள் வீட்டோடு இருப்பதற்காகக் கடல் கடந்து போய்விட்டிருந்தார். திங்கள்கிழமை இருவருமே செயலாளர் முன் போய் நின்றார்கள். நாத்தனார் அச்சகத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"முன்பாதி போயிடுச்சும்மா எல்லாருக்கும். மிச்சம் எப்ப வரும்னு தினம் போன். இப்ப யாரு படிப்பா?"

"நான் படிக்கிறேன்" என்றார் நாத்தனார். "என்னால போனதை நானே கொண்டுவந்து சேக்கறேன். ஆனா ஒண்ணு. சிடி எல்லாம் இவதான் போடணும். வேற ஆள் தொட்டா நான் வரமாட்டேன்."

செயலாளர் ஒப்புக்கொண்டார். அதற்குள் படங்களுக்கெல்லாம் பெயர் வைத்தாகிவிட்டது என்று ஆபரேட்டரம்மா ஒரு தட்டை அங்கேயே எழுதிக் காட்டினார். "நெர்ரப்பூ" என்று கணினி சொன்னதைக் கேட்டுச் செயலாளர் என்ன ஏதென்று விசாரிக்கவே இல்லை.

பதிவு அறையில் முதல் நாள் கூத்தாகிவிட்டது. அச்சகத்தில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சான தாளைச் சரிபார்ப்பது வழக்கம். அதில் புள்ளியையும் விடாமல் சொல்ல வேண்டும். நாத்தனார் மைக்கின் முன்னால் உட்கார்ந்து கணீரென்று ஆரம்பித்தார்: "மேற்கோள் தொடக்கம் நீ ஏன் வந்தாய் கேள்விக்குறி மேற்கோள் முடிவு என்று அவள் அழுதாள் முற்றுப்புள்ளி."

ஆபரேட்டரம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "அண்ணி, என் மெஷின்கூட இப்படித்தான் படிக்கும். அவ அழட்டும், முற்றுப்புள்ளியை நான் பாத்துக்கறேன்."

பழக்கம் லேசில் போகவில்லை. சொல்ல வந்த காற்புள்ளியை நாத்தனார் விழுங்குவது ஒலிப்பதிவில் 'க்' என்று கேட்கும். அதையெல்லாம் வெட்டி எடுப்பது ஆபரேட்டரம்மாவின் வேலையாயிற்று. சனிக்கிழமை தோறும் இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள்.

ஒரு சனிக்கிழமை, தட்டு எழுதி முடிவதற்காகக் காத்திருந்தபோது நாத்தனார் திடீரென்று கேட்டார்: "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அண்ணி. எனக்கு வேலை செய்யறதே அது ஒண்ணுதானே."

நாத்தனார் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேக்கலையே நீ."

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலையே."

"தப்பா சொல்லிட்டேன்னு கல்யாணத்துக்கு மறுவாரமே தெரிஞ்சுபோச்சு. நாள் ஆக ஆக, எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல." நாத்தனார் மூக்கை உறிஞ்சினார். "தப்புதான்டி."

ஆபரேட்டரம்மா மேசை மேல் துழாவி, நாத்தனாரின் கையைக் கண்டுபிடித்து, அதன் மேல் தன் கையை வைத்தார். தட்டு வெளியே வந்தும் கொஞ்ச நேரம் யாரும் அதை எடுக்கவில்லை.

நாவல் முடிந்து தட்டுகள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தன. முதல் ஆளாக லாரி டிரைவர் போன் போட்டார். "ஏம்மா, பாதிக் கதை வரைக்கும் ஆம்பளையா இருந்த வாத்தியார், மீதிக்குப் பொம்பளையாயிட்டாரே?"

"நல்லா இல்லீங்களா?"

"யாரு சொன்னா நல்லா இல்லைன்னு? அந்தம்மா திட்டற எடமெல்லாம் நிஜமாவே திட்டற மாதிரி இருக்கு. அடுத்த கதையும் அவங்களே படிக்கட்டும்."

இதைக் கேட்டதும் நாத்தனார், "திட்டறது மட்டும்தான் நல்லா இருக்காமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த புத்தகத்தை அவரே அலமாரியில் தேடி எடுத்துவிட்டார். சிடி போட வேறு ஆள் தேடும் பேச்சைச் செயலாளர் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து ஊர் திரும்பிய அன்று, தெருவாசலிலேயே மாடியிலிருந்து இரண்டு பெண்களின் குரல் கேட்டது. உச்சக்கட்டச் சண்டை. பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, படிகளைத் தாவி ஏறி ஓடினார்.

"அவன் கெட்டவன்டி! கெட்டவன் இப்படிக் கொஞ்சிக் கொஞ்சியா பேசுவான்?" என்று கையில் விரித்த புத்தகத்தோடு அக்கா கத்தினார்.

"கெட்டவன்தான் கொஞ்சிப் பேசுவான் அண்ணி. கத்தறவன்கிட்ட எவ ஏமாறுவா? மறுபடி படிங்க."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"யாரது?" என்றார் ஆபரேட்டரம்மா.

"நான்தான்."

"வந்துட்டீங்களா? நல்ல சமயத்துலதான் வந்திருக்கீங்க. ஒரு நிமிஷம் சத்தம் போடாம இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க, இந்த ஆளை நீங்க நம்புவீங்களா மாட்டீங்களான்னு."